ரசீதில் பாஸ்வேர்டு எழுதிக் கொடுக்கலாமா?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். அப்பாவின் லேப்டாப்பில் சார்ஜ் ஏறவில்லை, அதனால் ஆனும் ஆகவில்லை, மூடியின் ஹிஞ்சும் விட்டுப்போயிருக்கிறது, குரோம்பேட்டையில் வீட்டுக்குப் பக்கத்துக் கடைக்குக் கொண்டுபோனீர்கள், ரசீதில் பெயருக்கும் போன் நம்பருக்கும் கீழே பாஸ்வேர்டு என்று ஒரு கட்டம் இருந்தது, அதை நிரப்பச் சொன்னார்கள், தயங்கி மெஷினை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டீர்கள். எழுதிக் கொடுக்கலாமா, இல்லை கம்பெனி சர்வீஸ் சென்டருக்கே போய்விடலாமா என்று கேட்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் "அப்பாவின் பேங்க் விவரம், அம்மா இருந்தபோது எடுத்த படங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன" என்று எழுதியிருக்கிறீர்களே, உண்மையான கேள்வி அதுதான் என்று எனக்குப் படுகிறது. மெஷின் கையை விட்டுப் போன பிறகு அதற்குள் இருப்பதை யாரெல்லாம் பார்க்க முடியும், அதில் எதை நாம் தடுக்கலாம், எதைத் தடுக்க முடியாது. அதற்குத்தான் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகவே.

நான் 2003-ல் ரிச்சி தெருவில் ஒரு கடையில் ஹெல்ப்பராகச் சேர்ந்தவன். மவுண்ட் ரோட்டை ஒட்டிய அந்த நாலைந்து சந்துகளில்தான் தொழில் கற்றேன், அப்புறம் மேற்கு மாம்பலத்தில் இரண்டு மேஜை போட்டுச் சொந்தமாக வைத்து இத்தனை வருஷம் ஆகிறது. அதனால் கடைக்காரர் பக்கத்து நியாயமும் தெரியும், கடைக்குள் நடக்கக்கூடிய தப்பும் தெரியும்.

முதலில் நேரடியான பதில். உங்கள் வேலைக்குப் பாஸ்வேர்டு தேவையே இல்லை. ஹிஞ்ச், சார்ஜிங் ஜாக், பேட்டரி, டிஸ்ப்ளே, கீபோர்டு, ஃபேன், ரேம் இவை எதற்கும் விண்டோஸுக்குள் போக வேண்டிய அவசியம் கிடையாது. சார்ஜ் ஏறாத மெஷினில் நான் முதலில் செய்வது மல்டிமீட்டரை எடுத்து அடாப்டர் முனையில் பத்தொன்பது வோல்ட் சுத்தமாக வருகிறதா என்று பார்ப்பது, அப்புறம் பின்மூடியைக் கழற்றி ஜாக்கிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் ஒயர் முறிந்திருக்கிறதா என்று பார்ப்பது. உங்கள் விஷயத்தில் ஹிஞ்சும் சேர்ந்து போயிருப்பதால், பல மாடல்களில் ஹிஞ்சுக்குப் பக்கத்திலேயே ஜாக் இருக்கும் என்பதால், மூடியைத் திறந்து மூடும்போதெல்லாம் அந்த ஒயர் இழுபட்டிருக்கலாம் என்று நினைக்கிறேன். இது ஊகம்தான், கழற்றிப் பார்க்காமல் அடித்துச் சொல்லக் கூடாது, போர்டில் சார்ஜிங் ஐசியே போயிருக்கவும் வாய்ப்பு உண்டு. எதுவாக இருந்தாலும் வேலை முடிந்ததைச் சார்ஜ் லைட்டிலும் மீட்டரிலும் பார்த்துக்கொள்ளலாம். கேமரா, ஸ்பீக்கர், வைஃபை எல்லாம் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டுமானால்கூட லினக்ஸ் போட்ட ஒரு பென்டிரைவைச் சொருகி அதிலிருந்து மெஷினை ஏற்றிப் பார்த்துவிடலாம். கஸ்டமரின் விண்டோஸைத் தொடவே வேண்டாம்.

பிறகு ஏன் எல்லாக் கடையிலும் கேட்கிறார்கள் என்றால், பெரும்பாலும் கெட்ட எண்ணம் இல்லை, பயம். கீபோர்டு மாற்றிக் கொடுத்த மறுநாள் கஸ்டமர் வந்து "முன்னாடி சவுண்டு நல்லா வந்துச்சு, நீங்க கழட்டின பிறகுதான் வரலை" என்று நிற்பார். இது வாரம் ஒருமுறையாவது நடக்கும். அதனால் டெலிவரிக்கு முன்னால் எல்லாவற்றையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்று நினைப்பார்கள், அதற்குச் சுலபமான வழி பாஸ்வேர்டு. அது அப்படியே ரசீதில் ஒரு கட்டமாகிவிட்டது. விண்டோஸ் ஸ்லோவாக இருக்கிறது, வைரஸ் இருக்கிறது, டேலி என்கிற கணக்கு சாஃப்ட்வேர் திறக்கவில்லை, பிரிண்டர் எடுக்கவில்லை, டேட்டா போகாமல் விண்டோஸைச் சரிசெய்ய வேண்டும் என்பது மாதிரியான வேலைகளுக்கு மட்டும் உள்ளே போய்த்தான் ஆக வேண்டும். அப்போதும் முடிந்தால் நீங்கள் எதிரில் உட்கார்ந்து நீங்களே டைப் செய்து திறந்து கொடுங்கள்.

நம்பிக்கை பற்றிக் கேட்டால், உங்கள் தயக்கம் நியாயமானது. கனடாவில் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் யார் எதைத் திறந்தாலும் ரகசியமாகப் பதிவாகும்படி லேப்டாப்களைத் தயார் செய்து 16 ரிப்பேர் கடைகளில் கொடுத்துப் பார்த்தார்கள். 6 கடைகளில் டெக்னீஷியன்கள் கஸ்டமரின் சொந்த ஃபைல்களைத் திறந்து பார்த்திருந்தார்கள், அதில் இரண்டில் காப்பியே எடுத்திருந்தார்கள். சின்னக் கடை, பெரிய கடை என்ற வித்தியாசம் பெரிதாக இல்லை. அது ஒன்ட்டாரியோவில் நடந்தது, சென்னைக்கு அதே கணக்கு பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஆள் தனியாக இருக்கிறான், மெஷின் திறந்திருக்கிறது, கேட்க யாரும் இல்லை என்றால் என்ன நடக்கலாம் என்பதற்கு ஊர் வித்தியாசம் கிடையாது. ரிச்சி தெருவில் நான் வேலை பார்த்த ஒரு கடையில், மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு பையன் கஸ்டமர் மெஷினில் கல்யாண ஆல்பத்தைத் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்ததை நானே கண்டிருக்கிறேன். எனக்கு அப்போது இருபது வயது. மூடுடா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது இன்றும் உறுத்துகிறது. என் கடையில் மானிட்டர்கள் எல்லாம் நடைபாதையைப் பார்த்து இருப்பதற்குக் காரணம் அதுதான்.

இனி நிறையப் பேருக்குத் தெரியாத ஒரு விஷயம். விண்டோஸ் பாஸ்வேர்டு உங்கள் படங்களுக்கும் ஃபைல்களுக்கும் பூட்டு இல்லை. டிஸ்க்கை மறைகுறியாக்கம் செய்யாமல் வைத்திருந்தால், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி டிஸ்க்கையே பூட்டும் பிட்லாக்கர் மாதிரி எதுவும் ஓடவில்லை என்றால், நான் ஒரு ஸ்க்ரூவைக் கழற்றி, ஃபைல்கள் எல்லாம் இருக்கும் எஸ்எஸ்டியை வெளியே எடுத்து யூஎஸ்பி கேஸில் போட்டு என் கம்ப்யூட்டரில் சொருகினால் போதும், பென்டிரைவ் மாதிரி எல்லாம் திறக்கும். இரண்டு நிமிஷ வேலை. பாஸ்வேர்டைக் கேட்கவே கேட்காது. ஆகவே "பாஸ்வேர்டு கொடுக்கவில்லை, பத்திரம்" என்று நினைத்து நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

அப்படியானால் பாஸ்வேர்டைக் கொடுத்தால்தான் என்ன என்று கேட்கலாம். அது திறப்பது ஃபைலை மட்டும் அல்ல. குரோமில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளைப் பார்க்க வேண்டுமென்றால் அது கேட்பது விண்டோஸ் பாஸ்வேர்டையோ பின் நம்பரையோதான். அதாவது ரசீதில் நீங்கள் எழுதும் அந்த நாலெழுத்து, அப்பாவின் மின்வாரியக் கணக்கு, எல்ஐசி, ஐஆர்சிடிசி, நெட் பேங்கிங் என்று பிரவுசர் நினைவில் வைத்திருக்கும் எல்லாவற்றுக்கும் சாவி. அதற்கும் மேலே, ஜிமெயில் திறந்தபடியே இருக்கும். மற்ற எந்தக் கணக்குக்கும் "பாஸ்வேர்டு மறந்துவிட்டது" என்று கொடுத்தால் பெரும்பாலும் அந்த மெயிலுக்குத்தான் லிங்க் வரும். வங்கிக்கு ஓடிபி இருக்கிறதே என்பீர்கள், இருக்கிறது, நல்லதுதான், ஆனால் ஓடிபி இல்லாத கதவுகள் வீட்டில் நிறைய இருக்கின்றன.

வாட்ஸ்அப் வெப் இன்னொன்று. போன வருஷம் ஒரு கல்லூரிப் பெண்ணின் லேப்டாப்பில் கீபோர்டு மாற்றிவிட்டு ஒவ்வொரு கட்டையாக அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். வலது மூலையில் ஒவ்வொன்றாகச் செய்தி வந்து விழுந்துகொண்டே இருந்தது. வீட்டில் ஏதோ பெரிய சண்டை, அப்பாவும் சித்தப்பாவும் நிலத்தைப் பற்றி அடித்துக்கொள்கிறார்கள், அந்தப் பெண்ணை அதில் இழுக்கிறார்கள். நான் படிக்க நினைக்கவில்லை, ஆனால் கண்ணெதிரில் வந்து விழுவதை எப்படிப் படிக்காமல் இருப்பது? வைஃபையை நிறுத்திவிட்டு மீதியைச் சோதித்தேன். மறுநாள் அவர் வந்தபோது முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. "வாட்ஸ்அப்பை போனிலிருந்து லாக்அவுட் பண்ணிடும்மா" என்று மட்டும் சொன்னேன். அன்றிலிருந்து மெஷினை வாங்கும்போதே இதைச் சொல்லிவிடுகிறேன்.

சரி, நீங்கள் என்ன செய்ய வேண்டும்? மெஷின் ஓடுகிற நிலையில் இருந்தால் குரோமிலிருந்து அப்பாவின் கணக்கை நீக்கிவிட்டு, அட்மின் அதிகாரம் இல்லாத தனி யூசர் ஒன்றை உருவாக்கி அதன் பாஸ்வேர்டைக் கொடுக்கச் சொல்வேன். உங்களுடையது ஆன் ஆகவில்லை என்பதால் அது முடியாது. ஆனால் பாதிக்கு மேல் போனிலிருந்தே செய்துவிடலாம். அப்பாவின் போனில் வாட்ஸ்அப்பைத் திறந்து லிங்க்டு டிவைசஸ் என்பதில் அந்தக் கம்ப்யூட்டரை லாக்அவுட் செய்யுங்கள். கூகுள் கணக்கில் உங்கள் சாதனங்கள் என்ற இடத்தில் அந்த லேப்டாப்பை வெளியேற்றுங்கள், பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள். நெட் பேங்கிங் பாஸ்வேர்டையும் அப்படியே. இந்த மூன்றையும் செய்துவிட்டால் மெயிலுக்கும் பேங்குக்கும் பிரவுசருக்குள் பழைய பாஸ்வேர்டு கிடந்தாலும் அது செத்த சாவி. மைக்ரோசாஃப்ட் கணக்கு போட்டு லாகின் செய்கிற மெஷினாக இருந்தால் அந்தக் கணக்கின் பாஸ்வேர்டை எக்காரணம் கொண்டும் எழுதிக் கொடுக்காதீர்கள், அது எங்கிருந்து வேண்டுமானாலும் உங்கள் மெயிலையும் ஒன்டிரைவையும் திறக்கும். பின் நம்பர் அந்த ஒரு மெஷினில் மட்டும்தான் செல்லும், தவிர்க்க முடியாமல் கொடுக்க வேண்டி வந்தால் அதைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்ததும் மாற்றுங்கள்.

இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. கடையில் உங்கள் எதிரிலேயே பின்மூடியைத் திறந்து எஸ்எஸ்டியையோ ஹார்டு டிஸ்க்கையோ கழற்றிக் கையில் கொடுக்கச் சொல்லுங்கள், ஒரு கவரில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போங்கள். சார்ஜிங் வேலைக்கு டிஸ்க் வேண்டாம். இதைக் கேட்டால் எந்த நல்ல டெக்னீஷியனும் கோபித்துக்கொள்ள மாட்டார், எனக்கு உண்மையில் நிம்மதியாக இருக்கும், என்மேல் பொறுப்பு இல்லை. சில விலை குறைந்த மாடல்களிலும் புதிய மேக்புக்குகளிலும் ஸ்டோரேஜைப் போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள், அதில் இது நடக்காது.

கழற்றுவதற்கு முன்னால் ஒன்று. விண்டோஸ் 11 வந்த பிறகு வாங்கிய லேப்டாப்பாக இருந்து, மைக்ரோசாஃப்ட் கணக்கில் லாகின் செய்திருந்தால், உங்களுக்குத் தெரியாமலேயே டிஸ்க் பூட்டப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். திருடனுக்கு எதிராக அது நல்ல பாதுகாப்பு, நான் முன்னால் சொன்ன இரண்டு நிமிஷ வேலை அதில் பலிக்காது. ஆனால் மதர்போர்டு மாற்றினாலோ, சில நேரம் பயாஸை, அதாவது மதர்போர்டிலேயே இருக்கும் அடிப்படை சாஃப்ட்வேரை, அப்டேட் செய்தாலோகூட, நீலத் திரையில் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்டு நிற்கும். அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில்தான் இருக்கும். ஒரு அம்மா, பள்ளி ஆசிரியை, பதினோரு வருஷத்துக் கேள்வித்தாள்களும் நோட்ஸும் இருந்த மெஷின், போர்டு போய்விட்டது, மாற்றினோம், கீ கேட்டது. கடையில் வாங்கிய அன்று விற்ற பையன் ஏதோ ஒரு மெயில் ஐடியை அவனாகவே உருவாக்கிப் போட்டுக் கொடுத்திருக்கிறான். அந்த ஐடி என்னவென்று அவருக்கும் தெரியாது, அந்தப் பையனும் அங்கே இல்லை. டிஸ்க் நல்ல நிலையில் என் கையில் இருக்கிறது, ஒரு ஃபைலைக்கூட எடுத்துக் கொடுக்க முடியவில்லை. அதற்கு எந்தக் கடையிலும் குறுக்கு வழி கிடையாது, இருக்கிறது என்று யாராவது சொன்னால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். அப்பாவின் மைக்ரோசாஃப்ட் கணக்கு எது என்று இன்றைக்கே கண்டுபிடித்து, அந்தக் கீ இருந்தால் ஒரு தாளில் எழுதிப் பீரோவில் வையுங்கள்.

கம்பெனி சர்வீஸ் சென்டரா, தெருக்கடையா? வாரண்டி இருந்தால் கம்பெனிதான், யோசிக்கவே வேண்டாம். வாரண்டி முடிந்துவிட்டது என்றால் அவர்கள் பொதுவாகப் போர்டையே மாற்றச் சொல்வார்கள், ஒரு ஐசியை மாற்றிச் சரிசெய்கிற வேலையை அங்கே எதிர்பார்க்க முடியாது, அது எங்கள் மாதிரிக் கடைகளில்தான் நடக்கும். டேட்டாவுக்கு நாங்கள் பொறுப்பல்ல, பேக்கப் எடுத்துவிட்டுக் கொடுங்கள் என்று அங்கேயும் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். ஆகவே வாசலில் பெரிய பெயர்ப்பலகை தொங்குவதால் உள்ளே இருப்பது பத்திரம் என்று ஆகிவிடாது.

பார்ட்ஸ் மாற்றிவிடுவார்களோ என்ற பயத்துக்கு வழி சுலபம். எத்தனை ஜிபி ரேம், எந்தக் கம்பெனி எஸ்எஸ்டி, அதன் சீரியல் நம்பர் என்ன என்று ரசீதில் எழுதச் சொல்லுங்கள், பின்மூடி திறந்திருக்கும்போது போனில் ஒரு படம் எடுங்கள். புது எஸ்எஸ்டி போட்டார்கள் என்றால் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவசச் சாஃப்ட்வேரைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், அந்த டிஸ்க் இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று காட்டும். புதிதில் ஒன்றோ இரண்டோ மணி நேரம் இருக்கும். நாலாயிரம் மணி நேரம் என்று காட்டினால் அது யாருடைய மெஷினிலோ இருந்து வந்தது. பழைய டிஸ்க்கைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். எக்ஸ்சேஞ்சில் முந்நூறு நானூறு குறைப்பார்கள் என்று அதை விட்டுவிட்டு வராதீர்கள், டெலீட் செய்ததும் குயிக் ஃபார்மட் செய்ததும் ஹார்டு டிஸ்க்கில் அழிந்துபோவதில்லை, திரும்ப எடுக்க இலவச சாஃப்ட்வேரே இருக்கிறது.

இப்போது இன்னொரு விஷயம், நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடையில் நடக்கிற உண்மையான சேதம் இதில்தான். வேலை முடியும்போது "அப்படியே ஃபார்மட் பண்ணி புது விண்டோஸ், ஆபீஸ் போட்டுத் தர்றோம்" என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். முதல் காரணம், ஃபார்மட் என்றால் அம்மாவின் படங்கள் போய்விடும். டி டிரைவில் இருக்கிறது, ஒன்றும் ஆகாது என்பார்கள், பையன் அவசரத்தில் தவறான பார்ட்டிஷனைத் தேர்ந்தெடுத்த கதைகள் என்னிடம் நிறைய இருக்கின்றன. இரண்டாவது காரணம் கிராக், அதாவது லைசென்ஸ் இல்லாமலே ஓடும்படி ஏமாற்றும் திருட்டு வேலை. 2012-ல் விண்டோஸ் 8 வந்த காலத்திலிருந்து, விண்டோஸோடு விற்கப்பட்ட லேப்டாப்களில் லைசென்ஸ் கீ பயாஸுக்குள்ளேயே இருக்கிறது. அதே பதிப்பை மறுபடி போட்டால் இன்டர்நெட் கிடைத்ததும் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும், யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம். இது தெரியாமலோ, எல்லா மெஷினுக்கும் ஒரே பென்டிரைவ் என்ற பழக்கத்தாலோ, ஒரிஜினல் லைசென்ஸ் உள்ள மெஷினில் ப்ரோ பதிப்பைப் போட்டு ஆக்டிவேட்டர் ஓட்டிவிடுகிறார்கள். அந்த ஆக்டிவேட்டரை ஓட்ட விண்டோஸின் வைரஸ் தடுப்பான டிஃபெண்டர் விடாது என்பதால், அதை நிறுத்திவிட்டு, சி டிரைவ் முழுவதையும் ஸ்கேன் செய்யாதே என்று விலக்குப் பட்டியலில் சேர்த்துவிடுவார்கள். பிறகு அப்படியே மறந்துவிடுவார்கள். அதாவது வாசலில் காவலாளி இருக்கிறார், ஆனால் வீட்டுப் பக்கம் திரும்பக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறது.

என் கடைக்கு அருகில் ஒரு சின்ன ஆபீஸ், கணக்கு எழுதிக் கொடுப்பவர். ஒரு காலையில் எல்லா ஃபைலுக்கும் பின்னால் நாலெழுத்து புதிதாக ஒட்டியிருந்தது, எதுவும் திறக்கவில்லை, ஒவ்வொரு ஃபோல்டரிலும் பணம் கேட்டு ஒரு டெக்ஸ்ட் ஃபைல். முந்தின இரவு பையன் ஏதோ வீடியோ எடிட்டிங் சாஃப்ட்வேரை கிராக்கோடு இறக்கியிருக்கிறான். விண்டோஸ் செக்யூரிட்டியில் விலக்குப் பட்டியலைத் திறந்து பார்த்தேன், சி டிரைவ் முழுவதும் இருந்தது. ஏழு வருஷ டேலி டேட்டா. எடுக்க முடியவில்லை. மூன்று மாதத்துக்கு முந்தின பேக்கப் ஒன்று ஒரு கிளையண்டின் பென்டிரைவில் கிடைத்தது, அதிலிருந்து மீட்டெழுத அவர் வீட்டில் இரண்டு பேர் ராத்திரி பகலாக உட்கார்ந்தார்கள். உங்கள் மெஷினிலும் அந்தப் பட்டியலை ஒருமுறை திறந்து பாருங்கள், வைரஸ் பாதுகாப்பு அமைப்புகளின் கடைசியில் எக்ஸ்க்ளூஷன்ஸ் என்று இருக்கும். காலியாக இருக்க வேண்டும். மற்றபடி வீட்டு உபயோகத்துக்கு விண்டோஸோடு வரும் டிஃபெண்டரே போதும் என்பது என் கருத்து, காசு கொடுத்து வாங்குவதைத் தப்பென்று சொல்லமாட்டேன், அந்தக் காசுக்கு ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கலாம் என்பேன். அப்பாவுடையது இன்னும் விண்டோஸ் 10 என்றால் அதற்கான சாதாரண ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது, மெஷின் 11-க்குத் தகுதியானதா என்று கடையில் கேளுங்கள்.

எக்ஸ்டர்னல் டிஸ்க் என்று சொன்னேன். 2015 டிசம்பர் வெள்ளத்துக்கு அடுத்த வாரம் என் கடை வாசலில் சாக்குப்பையிலும் பக்கெட்டிலும் கம்ப்யூட்டர் கொண்டுவந்து வரிசையில் நின்றார்கள். கோட்டூர்புரம், ஜாஃபர்கான்பேட்டை, முடிச்சூரிலிருந்துகூட. யாரும் மெஷினைச் சரிசெய்யச் சொல்லவில்லை. படம் இருக்கு சார், அது மட்டும் வேணும் என்பதுதான் எல்லோருடைய பேச்சும். ஹார்டு டிஸ்க்கில் காற்றுக்காக ஒரு சின்னத் துளை இருக்கும், சேற்றுத் தண்ணீர் அது வழியாக உள்ளே போய்விட்டால் எங்கள் மாதிரிக் கடையில் ஒன்றும் செய்ய முடியாது, தூசி இல்லாத அறை வைத்திருக்கும் டேட்டா ரெக்கவரி ஆட்களிடம்தான் போக வேண்டும், அந்தச் செலவு மெஷின் விலையைத் தாண்டும். வெயிலில் காயவைத்து ஆன் செய்து பார்த்துவிட்டுக் கொண்டுவந்தவர்கள் பாதிப் பேர், அதனாலேயே போனவை பல. திரும்பக் கிடைத்தவற்றில் எனக்கு ஞாபகம் இருப்பது, ஈரத்தில் ஊறிய சிபியூவோடு வந்த ஒரு பெரியவர், பேசிக்கொண்டே இருந்தவர் திடீரென்று "என் மாப்பிள்ளை துபாயில இருக்கார், அவர்கிட்ட ஒரு காப்பி அனுப்பியிருந்தேனே" என்று சொல்லிவிட்டு அப்படியே மெஷினை வைத்துவிட்டுப் போனது. அம்மாவின் படங்கள் இப்போது ஒரே ஒரு டிஸ்க்கில், அதுவும் ஆன் ஆகாத மெஷினுக்குள் இருக்கின்றன. கடைக்குப் போகும் முன்னாலோ, கடையில் உங்கள் கண்ணெதிரிலோ, முதலில் அதை ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் காப்பி எடுங்கள். ஹிஞ்ச் அப்புறம். பாஸ்வேர்டு பற்றிய பேச்சுகூட அப்புறம்தான். வீட்டில் ஒரு காப்பி, வேறு ஊரில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டிலோ கிளவுடிலோ இன்னொன்று.

அப்பாவிடம் ஒன்று பேசி வையுங்கள். திரையில் சிவப்பாக, சத்தத்தோடு, உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ், இந்த நம்பருக்குக் கூப்பிடவும் என்று வந்தால் அது எப்போதுமே மோசடி. எப்போதுமே. மைக்ரோசாஃப்ட் தன் எச்சரிக்கையில் போன் நம்பர் போடுவதில்லை. கூப்பிட்டால் எனிடெஸ்க் மாதிரி ஒன்றை இறக்கச் சொல்லி, மெஷினை அவர்கள் கைக்கு எடுத்துக்கொள்வார்கள். பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டால் போதும். ஏற்கெனவே பணம் போய்விட்டதென்றால் கடைக்கு வராதீர்கள், முதலில் சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்குப் போன் செய்யுங்கள், அடுத்து வங்கிக்கு. ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் கொண்டுவந்த விதியின்படி, வாடிக்கையாளர் மேலும் வங்கி மேலும் தவறில்லாத மோசடியை மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் இழப்பு அவர் தலையில் விழாது. ஓடிபியைத் தானே சொல்லிவிட்டவராக இருந்தாலும், தெரிவித்த நேரத்துக்குப் பிறகு போகும் பணம் வங்கியின் பொறுப்பு. அதனால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே சொல்ல வேண்டும் என்று அப்பாவுக்குப் புரிய வைப்பது முக்கியம். பெரியவர்கள் பிள்ளைகளிடம் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு என்னிடம் வந்து நிற்பதைப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கும்.

மெஷின் திரும்பி வந்த பிறகு யாராவது எதையாவது காப்பி எடுத்தார்களா என்று கண்டுபிடிக்க முடியுமா என்று அடுத்து கேட்பீர்கள். சாதாரண விண்டோஸில் ஃபைல் காப்பி செய்ததற்குப் பதிவு எதுவும் இருக்காது. சமீபத்தில் திறந்த ஃபைல்களின் பட்டியலில் நீங்கள் திறக்காத ஒன்று இருந்தால் யாரோ பார்த்திருக்கிறார்கள் என்று தெரியும், பட்டியல் சுத்தமாக இருப்பதை வைத்து யாரும் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. டிஸ்க்கை வெளியே எடுத்துப் படித்தால் அந்தத் தடயமும் இருக்காது. 2000-ம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் அனுமதி இல்லாமல் டேட்டா நகலெடுப்பதற்கு 43, 66 பிரிவுகள் இருக்கின்றன, நேர்மையில்லாத நோக்கத்தோடு செய்தால் மூன்று வருஷம் வரை சிறை உண்டு. ஆனால் நிரூபிப்பது கஷ்டம், அதனால்தான் கொடுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியதை இவ்வளவு நீட்டிச் சொன்னேன்.

நாளைக்கு அதே கடைக்கே போங்கள், பாஸ்வேர்டு கேட்டதற்காக மட்டும் அவரைத் தப்பாக நினைக்க வேண்டாம். முதலில் டிஸ்க்கைக் கழற்றி யூஎஸ்பி கேஸில் போட்டு, நீங்கள் எதிரில் நிற்கும்போதே உங்கள் எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்குக் காப்பி எடுத்துத் தர முடியுமா என்று கேளுங்கள், அந்த வேலைக்குக் கேட்கிற காசைக் கொடுங்கள். டிஸ்க் பூட்டியிருந்தால் அங்கேயே கீ கேட்கும், அதற்காக அப்பாவின் கணக்கு விவரத்தோடு போங்கள். பிறகு டிஸ்க்கை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, ரசீதில் அந்தப் பாஸ்வேர்டு கட்டத்தில் "டிஸ்க் கஸ்டமரிடம் உள்ளது" என்று எழுதச் சொல்லுங்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாமல் டிஸ்க்கும் பாஸ்வேர்டும் இருந்தால்தான் ஹிஞ்சைத் தொடுவேன் என்று சொன்னால் மட்டும் வேறு கடை பாருங்கள்.